கைக்குழந்தையோடு மலை ரயில்: குன்னூரிலேயே இறங்கிவிடுங்கள்

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீலகிரி மலை ரயிலில் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். ஊட்டி வரைக்கும் ஒரே மூச்சில் போகலாமா என்றால், வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் ஏறுங்கள், குன்னூரில் இறங்கிவிடுங்கள். டிக்கெட்டையே குன்னூர் வரைக்கும் போடுங்கள். "ஊட்டி ரயிலில் போய்விட்டு ஊட்டி போகாமல் இறங்குவதா?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள்.

நாங்கள் ஈரோடு. இந்தக் கோடையில் பாப்பாவுக்குப் பத்து மாதம். கத்திரி ஆரம்பித்ததும் கழுத்து, முதுகு எல்லாம் வேர்க்குரு. ராத்திரி ஃபேனும் அனல்தான் வீசியது. சாயங்காலமானால் எங்காவது கிளம்பிவிடுவோம். கொடிவேரிக்குப் போய்த் தண்ணீரில் காலை நனைத்துக் காட்டினோம், பவானி கூடுதுறையில் படியில் உட்கார்ந்துவிட்டு வந்தோம். பக்கத்து ஊர் என்றால் பரவாயில்லை, மலைக்குப் போவது என்றதும் பேச்சு நீண்டது. ஏற்காடு என்றார் மாமனார். கார்தானே இருக்கிறது, காரிலேயே குன்னூர் போய்விடலாம் என்றான் என் தம்பி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குக் காரில் போனால் 14 கொண்டை ஊசி வளைவு. எனக்கே மூன்றாவது வளைவில் வயிற்றைப் புரட்டும். பால் குடித்த குழந்தைக்கு என்ன ஆகும் என்று யோசித்துதான் ரயில் என்று முடிவு செய்தோம்.

அந்த முடிவுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். ரயிலும் வளைந்து வளைந்துதான் போகிறது. பாதை முழுக்க 208 வளைவுகள் என்பார்கள். ஆனால் வேகமே கிடையாது. பல் தண்டவாளம் உள்ள செங்குத்துப் பகுதியில் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் பக்கம்தான். உடம்பைத் தூக்கி அங்கும் இங்கும் எறிகிற திருப்பம் ஒன்றுகூட இல்லை. காது அடைப்பதும் காரில் போல் சட்டென்று வருவதில்லை. உயரம் மெதுவாகத்தான் கூடுகிறது. "மேலேறும்போது பால் குடுத்துட்டே வா சாமி, காது அடைக்காது" என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். குழந்தை விழுங்கிக்கொண்டே இருந்தால் காதுக்குள் அழுத்தம் சமமாகிவிடும் என்பது உண்மைதான். எங்கள் பாப்பா அழவில்லை.

டிக்கெட் விஷயம் முதலில். இப்போதெல்லாம் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. மே மாத சனி, ஞாயிறு என்றால் திறந்த அன்றே உட்கார்ந்து போட வேண்டும். நாங்கள் செவ்வாய்க்கிழமைக்குப் போட்டோம். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை, ஆனால் எடுக்காவிட்டால் சீட்டும் கிடையாது. அதாவது வழி முழுக்க மடிதான். பெரியவர்கள் மூன்று பேர் இருந்ததால் நான், அவர், அம்மா என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம். இரண்டே பேர் போகிறவர்கள் முதல் வகுப்பு கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், இடம் கொஞ்சம் தாராளம். எங்களுக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பு. எதிரும் புதிருமான சீட், முட்டியோடு முட்டி இடிக்கும். குறுகலான மீட்டர் கேஜ் பெட்டி அது. பெரிய ரயிலை மனதில் வைத்துக்கொண்டு பெட்டி பெட்டியாக மூட்டை கட்டாதீர்கள். தள்ளுவண்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு, நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் துணிக் கேரியர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். மலையில் அதற்குத்தான் வேலை. மேடும் படியுமாக இருக்கும் ஊரில் தள்ளுவண்டியை நாம்தான் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்.

ரயில் காலை 7.10 மணிக்கு. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஆறே கால் வாக்கில் மேட்டுப்பாளையம் வந்துவிடும். அதில் வருகிறவர்கள் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி இதில் ஏறுவார்கள். அந்த வண்டி ஈரோட்டிலும் நிற்கும். ஆனால் நிற்பது நடு ராத்திரிக்குப் பிறகு. கைக்குழந்தையை அந்நேரத்துக்கு எழுப்பி பிளாட்பாரத்தில் நிற்க எனக்கு மனசில்லை. முந்தின நாளே போய் மேட்டுப்பாளையத்தில் பெரியம்மா வீட்டில் தங்கிக்கொண்டோம். சொந்தம் இல்லாதவர்கள் ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜ் எடுத்துக்கொள்வது நல்லது. குழந்தை முழுசாகத் தூங்கி எழுந்திருந்தால் அன்றைய பயணம் பாதி வெற்றி. காலையில் பெரியம்மா அவித்துக் கொடுத்த இட்லியில் ஒன்றைப் பாலில் மசித்து ஊட்டிவிட்டுத்தான் கிளம்பினோம்.

ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னாடியே போங்கள். நீராவி இன்ஜின் வந்து பெட்டியோடு சேர்வதைப் பார்க்க வேண்டும். பாப்பா முதல் விசிலுக்கு உதட்டைப் பிதுக்கியது, இரண்டாவது விசிலுக்குக் கண்ணை விரித்தது, அப்புறம் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த 'எக்ஸ்' வகை இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தில் விண்டர்தூரில் செய்தவை. பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் செய்தார்கள். என் வீட்டுக்காரர் இதையெல்லாம் பாப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அது அவர் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தது.

குழந்தை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. மேலே ஏறும்போது இன்ஜின் முன்னால் இருந்து இழுக்காது, பின்னால் இருந்து தள்ளும். அதனால் முன்பக்கப் பெட்டிகளுக்குப் புகை அவ்வளவாக வராது. பதிவு செய்த டிக்கெட்டில் பெட்டியை நாம் பெரிதாகத் தேர்ந்தெடுக்க முடியாது என்றாலும், மேல்நோக்கிப் போவதுதான் குழந்தைக்கு நல்லது என்பதற்கு இது ஒரு காரணம். இறங்கும்போது இன்ஜின் முன்னால் இருக்கும். ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத் திண்ணையிலும் ஒரு பிரேக்மேன் கொடியோடு நிற்பார். ஏறும்போது முன்னால் இன்ஜின் இல்லாததால் அவர்கள்தான் கண். எங்கள் பெட்டியில் நின்றவர் பச்சைக் கொடியை அசைத்துக் காட்ட, பாப்பா அதற்குப் பிறகு மலையையும் பார்க்கவில்லை, காட்டையும் பார்க்கவில்லை. கொடி, கொடி, கொடி.

கல்லாறு தாண்டியதும்தான் ரயில் உண்மையாக மலை ஏறுகிறது. அதுவரை பாக்குத் தோப்பும் சமவெளியும். அங்கே ரயில் தயங்கி, இன்ஜினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவில் பதித்திருக்கும் பல் பட்டையில் ஏறிக்கொள்ளும். ஒரு சின்னக் குலுங்கல் தெரியும். அதன் பிறகு 12.5 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம். படிக்கும்போது சாதாரணமாகத் தெரிகிறது. சீட்டில் வைத்த பால் பாட்டில் தானாகப் பின்பக்கம் உருண்டு எதிர்க்குடும்பத்தின் காலடிக்குப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தியாவிலேயே இதுதான் மிகச் செங்குத்தான ரயில் பாதை. குன்னூர் வரைக்கும் 1899-இல் ஓட ஆரம்பித்து, 1908-இல் ஊட்டி வரை நீட்டித்திருக்கிறார்கள். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்தப் பல் தண்டவாளமும் நீராவி இன்ஜினும் இருப்பது குன்னூருக்குக் கீழே மட்டும். மேலே குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டீசல் இன்ஜின்தான். நான் குன்னூரில் இறங்கச் சொல்வதன் பாதிக் காரணம் புரிந்திருக்கும்: எதற்காக இந்த ரயிலில் ஏறுகிறோமோ அது குன்னூரோடு முடிந்துவிடுகிறது.

சுரங்கங்களைப் பற்றி எழுத வேண்டும். பாதையில் மொத்தம் 16 சுரங்கம். ஒவ்வொன்றுக்குள்ளும் ரயில் நுழையும்போது பெட்டி முழுக்க "ஓஓஓ" என்று கத்துவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கல்லூரிப் பையன்கள் மட்டுமில்லை, அறுபது வயதுக்காரர்களும் கத்துகிறார்கள். பாப்பா அப்போதுதான் அம்மா மடியில் கண் அயர்ந்திருந்தது. முதல் சுரங்கத்தில் தூக்கிவாரிப் போட்டு வீறிட்டது. "ஏனுங்க தம்பி, கொழந்தை தூங்குதுங்க" என்று அம்மா இருட்டுக்குள் யாருக்கோ சொன்னாள். அடுத்த சுரங்கத்தில் எங்கள் பெட்டி அமைதியாக இருந்தது, பின்பெட்டி கத்தியது. அதற்கடுத்ததில் பாப்பாவே "ஆஆ" என்றது. அவ்வளவுதான், பையன்களுக்குப் பொறுக்கவில்லை, மறுபடியும் எல்லோரும் சேர்ந்து கத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே ரயிலில் தூங்க வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். விழித்திருக்கும் குழந்தைக்கு ஏற்ற பயணம் இது.

பெட்டியில் கழிப்பறை கிடையாது. இதுதான் குழந்தையோடு வருபவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெரிய விஷயம். தண்ணீர் பிடிக்க ரயில் வழியில் நிற்கும் ஸ்டேஷன்களில்தான் எல்லாத் தேவையும். டயப்பரை நாங்கள் மடியிலேயே விரிப்பைப் போட்டு மாற்றினோம். எதிர் சீட்டில் இருந்த பாலக்காட்டு அம்மா ஒருவர் கேட்காமலே தன் சால்வையைப் பிடித்து மறைப்பாக நின்றார்; பால் கொடுக்கும்போதும் அதே சால்வைதான். அழுக்கு டயப்பரைச் சுற்ற பழைய நாளிதழ் நிறைய எடுத்துப் போங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் கவர், சின்னத் தண்ணீர் பாட்டில் எல்லாம் தடை. வெந்நீருக்கு ஒன்று, ஆறின தண்ணீருக்கு ஒன்று என எவர்சில்வர் ஃபிளாஸ்க் இரண்டு இருந்தால் கவலையில்லை.

ஹில்குரோவில் கொஞ்ச நேரம் நிற்கும். டீ, வடை கிடைக்கும், குரங்கும் கிடைக்கும். கூச்சமே இல்லாத குரங்குகள். குழந்தை கையில் பிஸ்கட்டோ வாழைப்பழமோ கொடுத்து ஜன்னலோரம் உட்கார வைக்காதீர்கள். எங்களுக்கு இரண்டு சீட் தள்ளி ஒரு பையன் கையிலிருந்த முறுக்குப் பொட்டலம் அடுத்த நிமிடம் கூரை மேல் இருந்தது. பாப்பாவுக்கு மசித்த நேந்திரம்பழத்தை ரயில் கிளம்பிய பிறகுதான் டப்பாவிலிருந்து எடுத்தேன்.

குளிருக்கு வருவோம். மேட்டுப்பாளையத்தில் காலையிலேயே சட்டை ஒட்டியது. ரன்னிமேடு பக்கம் வரும்போது காற்று மாறிவிட்டது. அம்மா ஏறினதிலிருந்தே "காதைக் கட்டு, காதைக் கட்டு" என்று சொல்லி, சமவெளியிலேயே கம்பளிக் குல்லா மாட்டப் பார்த்தாள். மெல்லிய பருத்திச் சட்டை இரண்டு, மேலே ஒரு ஸ்வெட்டர் என்று அடுக்கடுக்காக வைத்துக்கொண்டு ஏற ஏற ஒவ்வொன்றாகப் போட்டேன். கடைசியில் குல்லாவும் ஏறியது. அம்மாவுக்குத் திருப்தி.

பத்தரை மணி வாக்கில் குன்னூர். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாப்பாவின் பொறுமை அங்கே முடிந்தது. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு இறங்கத் திமிறியது. எங்கள் பெட்டியில் இருந்த இன்னொரு கைக்குழந்தை, அது ஊட்டிக்குப் போகிற குழந்தை, அதே சமயத்தில் அதே மாதிரி அழ ஆரம்பித்திருந்தது. அவர்களுக்கு இன்னும் 19 கிலோமீட்டர், ஒண்ணே கால் மணி நேரம் பாக்கி. அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையிலேயே என் கட்சி ஜெயித்துவிட்டது.

தங்கின இடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழைய பங்களாவைத் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார்கள். எந்நேரமும் வெந்நீர் என்று போட்டிருந்தார்கள், காலையில் ஒரு மணி நேரம் வந்தது. கேட்டால் சிரித்தார்கள். ஆனால் அறையில் நல்ல கனமான மர உத்தரம் இருந்தது. அம்மா அதைப் பார்த்த நிமிடமே தன் பையிலிருந்து பழைய நூல் சேலையை எடுத்துத் தூளி கட்டிவிட்டாள். புது இடம், புதுக் கட்டில் என்றால் தூங்காத குழந்தை, தன் தூளி என்றதும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கியது. கான்கிரீட் கூரை விடுதிகளில் இதற்கு வழியே இல்லை. பதிவு செய்யும்போதே கொக்கியோ உத்தரமோ இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வினோதமாகப் பார்த்தாலும் பார்க்கட்டும். சமையலறை கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும் என்பதால் திறந்த பாத்திரத்தில் வைத்தால் குழந்தைக்கான குழைந்த சாதமும் பருப்பும் நம் ஊரைவிட நேரம் எடுக்கும். சின்னக் குக்கர் ஒன்று கொண்டுபோனால் அந்தத் தொல்லை இல்லை.

குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்குப் போனோம். 1874-இல் ஆரம்பித்த பூங்கா. சரிவில் கீழே கீழே இறங்கிப் போகிறது. பெரிய பெரிய மரம், நிழல், அடியில் புல். பாப்பா தவழ்ந்தது, இலை பொறுக்கியது, பொறுக்கியதை வாயில் போட்டது. ஒரு முழுக் காலை அங்கேயே கழிந்தது.

அடுத்த நாள் என் வீட்டுக்காரரின் ஆசைக்காகக் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டீசல் ரயிலில் போய் வந்தோம். பகலில் சில முறை போகிறது. ஒண்ணே கால் மணி நேரம்தான் என்பதால் குழந்தைக்குப் பாரமில்லை. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல். கேத்திப் பள்ளத்தாக்கு ஜன்னலில் விரியும் இடம் அழகுதான், மறுக்கவில்லை. பாப்பா முழுக்கத் தூங்கியது; கத்துவதற்குக் கூட்டம் இல்லை. ஊட்டியில் இறங்கியதும் தாவரவியல் பூங்கா. 1848-இல் தொடங்கிய தோட்டம், மே மாதம் மலர்க் கண்காட்சி நேரம். பூவைவிட மனிதத் தலை அதிகம். குழந்தையைக் கீழே விட ஒரு பாய் அளவு இடம் கிடைக்கவில்லை. கேரியரில் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி, வெளியே டீயும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலுக்கே திரும்பிவிட்டோம். "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றாள் அம்மா. அவர் பதில் சொல்லவில்லை.

திரும்பும்போது தம்பி கார் எடுத்துக்கொண்டு வந்தான். கோடையில் நீலகிரிக்குச் சொந்த வண்டியில் வர இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் வந்த ஏற்பாடு இது. 2025-லிருந்து ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று கணக்கும் வைத்துவிட்டார்கள். அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ வருபவர்களுக்கு அது தேவையில்லை. ரயிலுக்கு அதுவும் ஒரு பிளஸ். கார் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். பர்லியார் வந்து சேருவதற்குள் பாப்பா என் தோளிலும் தம்பியின் புது சீட் கவரிலும் காலைச் சாப்பாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அங்கே கடையோரம் நிறுத்தி, துடைத்து, பலாச்சுளை வாங்கித் தின்றுகொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

மழைக்காலத்தில், அதுவும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மண்சரிவால் ரயிலை அவ்வப்போது நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் பதிவு செய்பவர்கள் கிளம்பும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தை என்றால் நான் இந்த ரயிலைச் சொல்ல மாட்டேன், கழுத்து நன்றாக நின்று, உட்காரத் தெரிந்த பிறகு போகலாம். நடக்க ஆரம்பித்த பிறகு என்றால் மூன்று மணி நேரம் மடியில் உட்கார வைப்பது உங்கள் பாடு. எட்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரைக்கும்தான் சரியான பருவம் என்பது என் கணக்கு.

பாப்பாவுக்கு நாலு வயதானதும் ஊட்டி வரைக்கும் முழுசாகப் போக வேண்டும் என்று அவர் இப்போதே திட்டம் போடுகிறார். போகலாம். அப்போதும் டிக்கெட் இல்லாமல் கூட்டிப் போகலாம்தான். ஆனால் சீட் வேண்டும் என்றால் முழுக் கட்டணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். கட்டியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இல்லையென்றால் அந்த ஐந்து மணி நேரமும் மடி அவருடையது.